ஏறாத ரயிலுக்கு வாடகை

ராஜஸ்தான் மாநிலம் கோட்டாவைச் சேர்ந்த ஓர் இன்ஜினியர், 2017 ஏப்ரலில் டெல்லிக்கு ஒரு ரயில் டிக்கெட் போட்டார். கோல்டன் டெம்பிள் மெயில், பயண தேதி ஜூலை 2, கட்டணம் 765 ரூபாய். கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட். அதைக் கேன்சல் செய்தார். விதிப்படி 65 ரூபாய் பிடித்தம் போக 700 வரவேண்டும். 665 வந்தது. பாக்கி 35 எங்கே என்று கேட்டார். அது சேவை வரி, அதைத் திருப்பித் தருவதில்லை என்று பதில் வந்தது. ரயில்வே அமைச்சகத்தின் 43-ஆம் எண் சுற்றறிக்கையையும் எடுத்துக் காட்டினார்கள்.

அவர் போகவிருந்த தேதிக்கு முதல் நாளே சேவை வரி செத்துப்போய் ஜி.எஸ்.டி. பிறந்துவிட்டது. பயணமும் நடக்கவில்லை. ஆக, செத்த வரியை நடக்காத சேவைக்கு வசூல் செய்துவிட்டு, அதற்கு நம்பர் போட்ட சுற்றறிக்கையும் கையில் வைத்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் இந்த இடத்தில் ‘போய்த் தொலையட்டும்’ என்று விட்டிருப்போம்? அந்த மனிதர் விடவில்லை. லோக் அதாலத்துக்குப் போனார். இது எங்கள் அதிகார வரம்பில் வராது என்று 2019 ஜனவரியில் முடித்து அனுப்பினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனு போட்டார். 2019 மே மாதம் அவர் கணக்கில் பணம் விழுந்தது. 33 ரூபாய்.

இரண்டு ரூபாயை ‘ரவுண்ட் ஆஃப்’ செய்துவிட்டார்களாம். ஏமாந்தவன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதும் கமிஷன் எடுத்துக்கொள்ள ஒரு மனம் வேண்டும். அவர் அதற்கும் மல்லுக்கட்டினார். இன்னும் மூன்று ஆண்டுகள். 2022 மே மாதக் கடைசியில் அந்த இரண்டு ரூபாயும் வந்து சேர்ந்தது.

இதைச் செய்தித்தாள்கள் ‘விடாமுயற்சி’ என்ற தலைப்பில் போட்டன. படித்தவர்கள் புன்னகைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். ஆனால் அந்தச் செய்தியின் அடியில் இன்னொரு எண் இருந்தது. அதே 35 ரூபாய் விவகாரத்தில் மொத்தம் 2.98 லட்சம் பேருக்கு 2.43 கோடி ரூபாய் திருப்பித் தர ரயில்வே ஒப்புக்கொண்டிருக்கிறது. தங்கள் பணம் பிடிக்கப்பட்டதே தெரியாமல் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஐந்து ஆண்டுகள் தொண்டை வறளக் கத்தியிருக்காவிட்டால், அந்த 2.43 கோடி இன்றைக்கும் ஏதோ ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் சௌக்கியமாகப் படுத்திருக்கும். அதற்குக் கன்ஃபார்ம் பெர்த்.

அரசாங்கம் என்றாலே ஆமை என்று சொல்லிவிட முடியாது. 2021 அக்டோபர் 28-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. ஆன்லைனில் டிக்கெட் போடும்போது நம்மிடம் வசூலிக்கிற வசதிக் கட்டணத்தில் பாதியை ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் ரயில்வேக்குத் தரவேண்டும் என்பது உத்தரவு. மறுநாள் காலை பங்குச் சந்தை திறந்ததும் அந்த நிறுவனத்தின் பங்கு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அன்றைக்கே உத்தரவு வாபஸ். மனு இல்லை, லோக் அதாலத் இல்லை, ரவுண்ட் ஆஃப் இல்லை. முதலீட்டாளர் முகம் சுளித்தால் ஒரு பொழுதுக்குள் டெல்லி துடித்துப்போகும். டிக்கெட் எடுத்தவன் முகம் என்று ஒன்று இருப்பதே அதே டெல்லிக்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரியவரும். இருவர் பேசியதும் ரயில் டிக்கெட் காசைப் பற்றித்தான்.

அந்த வசதிக் கட்டணத்தின் கதையும் சுவாரஸ்யமானது. பணமதிப்பிழப்பு நேரத்தில், மக்களை ஆன்லைனுக்குப் பழக்குவதற்காக, 2016 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். மக்கள் பழகினார்கள். 2019 செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள்: ஏ.சி. இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏ.சி.க்கு 30, யு.பி.ஐ.யில் கட்டினால் 10, 20. மேலே ஜி.எஸ்.டி. டிக்கெட் கேன்சல் ஆனாலும் இது திரும்பாது. ரயில் கிடைக்காவிட்டால் என்ன, டிக்கெட் போடுகிற வசதியை அனுபவித்தீர்கள் இல்லையா?

சரி, ஊருக்குப் போகிற கதைக்கு வருவோம்.

பொங்கலுக்குத் திருநெல்வேலி போகவேண்டும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் இரண்டு. பயணத்துக்கு அறுபது நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும் (2024 அக்டோபர் வரை இது 120 நாள்). ஏழு ஐம்பத்தைந்துக்கே வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு போனோடு உட்காருகிறார்கள். பெயர், வயது, கீழ் பெர்த் விருப்பம் எல்லாம் முன்கூட்டியே நிரப்பியாகிவிட்டது. எட்டு அடித்ததும் திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றி முடித்து நின்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட். பொதிகை வெயிட்டிங் லிஸ்ட். ‘போட்டு வைப்போம், ஏறிடும்’ என்கிறார் வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் மிக அதிகமான வீடுகளில் சொல்லப்படும் ஜோசியம் இதுதான். நாலு ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கான முழுப் பணமும் அந்த நிமிடமே வங்கிக் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

அடுத்த அறுபது நாளும் அந்தக் குடும்பம் பி.என்.ஆர். நம்பரைக் குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும். 86 என்றிருந்தது 71 ஆகும். 71 என்றிருந்தது 58 ஆகும். 40-க்கு வந்ததும் வீட்டில் பலகாரப் பேச்சு தொடங்கும். பிறகு அந்த எண் அங்கேயே உட்கார்ந்துவிடும். கடைசியில் சார்ட். முன்பெல்லாம் ரயில் கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போது சார்ட் போட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து படிப்படியாக அதை 8 மணி நேரமாக்கினார்கள். ஏமாற்றத்தை நாலு மணி நேரம் முன்கூட்டியே தருவதும் சீர்திருத்தம்தான், மறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓட அவகாசம் கிடைக்கிறது. அங்கே ஆம்னி பஸ்காரர் என்ன விலை சொல்கிறார் என்பது தனிக் கட்டுரை.

சார்ட்டில் பெயர் இல்லை. ஆன்லைன் டிக்கெட் தானாகக் கேன்சல் ஆகிறது. அந்த டிக்கெட்டோடு ரயிலில் ஏறினால் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி. மூன்று நான்கு நாளில் பணம் திரும்பி வரும். எண்ணிப் பார்த்தால் தலைக்கு 60 ரூபாய் குறையும். நாலு தலைக்கு 240. ஏ.சி. என்றால் அந்த 60-க்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு.

இந்த அறுபது ரூபாய் எதற்கு? விதிப் புத்தகத்தில் இதற்கு எழுத்தர் கட்டணம் என்று பெயர். ஒரு காலத்தில் கவுன்டரில் ஒரு குமாஸ்தா உங்கள் அட்டையை வாங்கி, பேரேட்டில் கோடு போட்டு, சில்லறை எண்ணிக் கொடுத்தார், அவர் கைவலிக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது டிக்கெட்டைப் போட்டது நீங்கள். பெயரைத் தட்டியது நீங்கள். ரத்து செய்தது கம்ப்யூட்டர், அதுவும் தானாக, யாரும் கேட்காமல். அந்த எழுத்தர் யார்? அவருக்கு மாதம் எவ்வளவு சம்பளம் என்று கணக்குப் போட ஒரு தகவல் உரிமை மனு உதவியது. 2021-இல் ரத்தான வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் 2.53 கோடி, ரயில்வேக்கு வரவு 242.68 கோடி ரூபாய். 2022-இல் 4.6 கோடி டிக்கெட், 439.16 கோடி ரூபாய். 2023-இல் 5.26 கோடி டிக்கெட், 505 கோடி ரூபாய். 2024 ஜனவரி ஒரு மாதத்தில் மட்டும் 43 கோடி. மொத்தம் 1,229.85 கோடி.

2023-ஐ மட்டும் எடுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 கோடியே 38 லட்சம். இந்தப் பணத்துக்கு நிலக்கரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், டிரைவர் வேண்டாம், பெட்டியைக் கழுவக்கூட வேண்டாம். ஊருக்குப் போக முடியாத மனிதர்கள் மட்டும் போதும். ரயில்வே நடத்துகிற தொழில்களிலேயே விபத்தே நடக்காத தொழில் இது ஒன்றுதான்.

ஒரு மெஸ்ஸுக்குப் போகிறீர்கள். முன்பணமாக முழுச் சாப்பாட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வைக்கிறார் முதலாளி. இரண்டு மாதம் கழித்து, ‘சோறு தீர்ந்துபோச்சு தம்பி’ என்று சொல்லிக் காசைத் திருப்பித் தருகிறார், உட்கார்ந்ததற்குத் தலைக்கு அறுபது பிடித்துக்கொண்டு. அந்த மெஸ் மறுநாள் காலை திறந்திருக்குமா? எந்தத் தெருவில் இந்த வியாபாரம் செய்தாலும் கல்லாப்பெட்டி உடையும். தண்டவாளத்தின் மேல் செய்தால் அது வருவாய்.

கேன்சல் என்றால் வாங்கியவர் பேச்சு மாறுகிறார் என்று அர்த்தம். பேச்சு மாறினால் தண்டம் கட்டுவதில் ஒரு நியாயம் உண்டு. வெயிட்டிங் லிஸ்டில் நின்றவர் பேச்சு மாறவில்லை. அவர் பெட்டி கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பெர்த் தராதது ரயில்வே. தண்டமும் அவரே கட்ட வேண்டும் என்றால், தவறு செய்தவரும் தண்டனை கொடுக்கிறவரும் காசாளரும் ஒரே ஆள் என்று பொருள். அறுபது நாள் வட்டியில்லாமல் அவர் பணத்தை வைத்திருந்த நன்றிகூட அந்த ஆளுக்குக் கிடையாது.

கன்ஃபார்ம் ஆனவர் பாடு தேவலையா என்றால், அங்கே ஓர் ஏணி இருக்கிறது. 2015 நவம்பர் 12 முதல் அமலுக்கு வந்த விதிகள் கட்டிய ஏணி. ஒரே இரவில் எல்லாப் பிடித்தமும் இரட்டிப்பானது: ஸ்லீப்பருக்கு 60 என்றிருந்தது 120, மூன்றடுக்கு ஏ.சி.க்கு 90 என்றிருந்தது 180, இரண்டடுக்குக்கு 200, முதல் வகுப்பு ஏ.சி.க்கு 240. வெயிட்டிங் லிஸ்டின் 30 ரூபாயும் அன்றைக்குத்தான் 60 ஆனது. இது 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்த புண்ணியவானுக்கு. 48-லிருந்து 12 மணி நேரத்துக்குள் என்றால் அந்த விதிப்படி கட்டணத்தில் கால் பங்கு. 12-லிருந்து 4 மணி நேரம் வரை பாதி. அதற்குப் பிறகு திரும்பி வருவது பூஜ்யம். தட்கலில் கன்ஃபார்ம் ஆகியிருந்தால் ஏணியே கிடையாது, நேராகப் பூஜ்யம்தான்.

கடைசி நேரத்தில் டிக்கெட்டைப் போட்டுவைத்து முடக்குகிற புரோக்கர்களைத் தடுக்கத்தான் இந்த இரட்டிப்பு என்றார்கள் அப்போது. ரொம்ப நல்லது. பத்து ஆண்டு கழித்து 2025 ஜூலையில் தட்கலுக்கு ஆதார் கட்டாயம், முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குத் தடை என்று புதிதாக ஓர் உத்தரவு போட வேண்டிவந்தது. காரணம் கேட்டால், புரோக்கர்கள். இரட்டிப்பான பிடித்தத்தைப் புரோக்கர் தன் கமிஷனில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்தான் கட்டினார்.

பாதிக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்ட அந்த பெர்த் காலியாகப் போகிறதா? இல்லை. ஆர்.ஏ.சி.யில் பக்கவாட்டு இருக்கையில் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தவருக்கோ, வெயிட்டிங் லிஸ்டில் முதலில் நின்றவருக்கோ போகிறது. அவரும் முழுக் கட்டணம் கட்டியவர்தான். ஒரே பலகை, ஒரே இரவு, ஒன்றரை கட்டணம். ஆர்.ஏ.சி.யில் ஒரே படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தே போனால் ஒரு பலகைக்கு இரண்டு முழுக் கட்டணம். விமானக் கம்பெனிகளைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுகிறோம். அவர்கள்கூட ஒரு சீட்டில் இருவரை உட்காரவைத்து இருவரிடமும் முழுக் காசு வாங்கத் துணிந்ததில்லை.

இந்தப் பிடித்தத்துக்கு வரி உண்டா என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டுத் தெளிவுபடுத்தியது: சேவைக்கு என்ன விகிதமோ அதே விகிதம் ரத்துக் கட்டணத்துக்கும். ஏ.சி., முதல் வகுப்பு என்றால் 5 சதவீதம். மதுரைக்குப் போனால் வரி. போகாவிட்டாலும் வரி. சும்மா வீட்டில் இருந்தவனிடம் வரி வாங்க முடியாது என்று நினைத்தவர்கள் நம் வரி வாரியத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்கள்.

தவறு முழுக்க ரயில்வேயுடையது, அதிலே சந்தேகமே இல்லை என்கிற நேரமும் வரும். ரயில் தாமதம், ஏ.சி. வேலை செய்யவில்லை, ரயில் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டது. அப்போது பணத்தைத் திரும்பக் கேட்க டி.டி.ஆர். என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இணையதளத்தில் போய்க் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் படித்தால், இந்திய ரயில்வே தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட சுயசரிதையின் பொருளடக்கம்போல இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். பெட்டியே இணைக்கப்படவில்லை. கீழ் வகுப்பில் இடம் தரப்பட்டது. வண்டி ஏறவேண்டிய ஸ்டேஷனுக்கே வரவில்லை. சேரவேண்டிய ஊருக்கு முன்பே நிறுத்தப்பட்டது. பரிசோதகர் தவறாகக் காசு வாங்கினார். தன் குற்றங்களை இவ்வளவு ஒழுங்காக அடுக்கிவைத்திருக்கிற நிறுவனம் வேறு இருக்காது. ஒப்புக்கொள்வதில் குறையே இல்லை, காசு கொடுப்பதில்தான்.

தாமதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நீங்கள் பயணம் செய்யாவிட்டால், முழுப் பணமும் கிடைக்கும். இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம் என்றால் கிடையாது. விழுப்புரம் பிளாட்பாரத்தில் நள்ளிரவில் நிற்கிறீர்கள். வண்டி இரண்டரை மணி நேரம் லேட் என்கிறது போன். விடிந்தால் நாகர்கோவிலில் கல்யாணம், முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது. அப்போதே டிக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் காசு போச்சு. ஆகவே நிற்கிறீர்கள். தாமதம் இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு நிற்கிறீர்கள். தன் வண்டி இன்னும் லேட்டாக வரவேண்டும் என்று பயணியையே பிரார்த்தனை செய்யவைத்த பெருமை இந்த விதிக்கு உண்டு. மூன்று மணி தாண்டியதும் விழுந்தடித்துக்கொண்டு, வண்டி அங்கிருந்து கிளம்புவதற்குள் டி.டி.ஆர். போட வேண்டும். கிளம்பிய பிறகு போட்டால், ஐயா, நேரம் கடந்துவிட்டது. மணிக்கணக்கில் நேரம் கடந்து வந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஏ.சி. கெட்டுப்போனால் இன்னும் விசேஷம். மே மாதம், விருத்தாசலம் தாண்டியாயிற்று, மூன்றடுக்கு ஏ.சி.யில் காற்று நின்றுவிட்டது. ஜன்னல் திறக்காது, அது கண்ணாடிப் பெட்டி. கைக்குழந்தை வீறிடுகிறது. மேல் பெர்த்துக்காரர் பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டிருக்கிறார். நீங்கள் இந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம், டிக்கெட் பரிசோதகரைத் தேடிப் பிடித்து, ஏ.சி. வேலை செய்யவில்லை என்று சான்றிதழ் வாங்குவது. வேர்வையில் குளித்த அறுபது சொச்சம் பேர் சாட்சி சொன்னால் போதாது. சான்றிதழ் கிடைத்தால், ஊர் போய்ச் சேர்ந்த 20 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். அதோடு முடிந்ததா? அந்தக் காகிதத்தின் அசலை டெல்லியில் ஸ்டேட் என்ட்ரி ரோட்டில் உள்ள அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். டிக்கெட் மின்னணு, பணம் மின்னணு, புகார் மின்னணு. ரீஃபண்டுக்கு மட்டும் தபால்தலை. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது முழுப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.சி. ஓடாத தூரத்துக்கு, மூன்றடுக்கு ஏ.சி.க்கும் ஸ்லீப்பருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ஜன்னல் திறக்கிற ஸ்லீப்பரும் ஜன்னல் திறக்காத அடுப்பும் அவர்கள் கணக்கில் ஒன்று.

பிறகு உங்கள் மனு சம்பந்தப்பட்ட மண்டல ரயில்வேக்குப் போகும். அவர்கள் விசாரித்துத் தீர்ப்பளிப்பார்கள். தவறு செய்ததாகச் சொல்லப்படுகிறவரே நீதிபதி. மாதக்கணக்கில் ஆகும். வண்டி எந்த ஸ்டேஷனை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தாண்டியது என்பது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. நீங்கள் ஏறவில்லை என்பது பரிசோதகர் கையில் இருக்கும் கருவியிலேயே பதிவாகிறது. அறுபது ரூபாயை யாரும் கேட்காமல் ஒரு நொடியில் வெட்டத் தெரிந்த அதே கம்ப்யூட்டருக்கு, மூன்று மணி நேரத் தாமதத்தைக் கண்டுபிடித்துப் பணத்தைத் திருப்பிவிட மட்டும் மனு வேண்டும். அறிவு இல்லாமல் இல்லை. ஒரு கைக்கு மட்டும் பக்கவாதம் வரவழைத்திருக்கிறார்கள்.

கவுன்டரில் டிக்கெட் எடுத்தவர்களை மறந்துவிட்டேன். ரயில்வேயும் மறந்துதான் போயிருந்தது. 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சர் ஒரு நற்செய்தி சொன்னார்: கவுன்டர் டிக்கெட்டையும் இணையதளத்திலோ 139 எண்ணிலோ ரத்து செய்யலாம். பணத்துக்கு மட்டும், அசல் டிக்கெட்டோடு முன்பதிவு மையத்துக்கு நேரில் வரவேண்டும். காட்சி எப்படியிருக்கும் என்று கற்பனை செய்வது கஷ்டமில்லை. கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பேரன் போனில் ரத்து செய்துகொடுத்த தைரியத்தில் கவுன்டருக்கு வருகிறார்.

‘சார், நேத்தே கேன்சல் பண்ணியாச்சு. பைசா இன்னும் வரல.’

‘டிக்கெட்டைக் கொடுங்க பெரியவரே.’

‘அதான் பேரன் போன்லயே கேன்சல் பண்ணிட்டானே, சார்.’

‘போன்ல கேன்சல் பண்ணா போதாது. ஒரிஜினல் வேணும்.’

‘அப்ப போன்ல பண்ணது எதுக்கு?’

‘அது உங்க வசதிக்கு.’

அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 40 சதவீதமும், ஐம்பத்தெட்டுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகையைக் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் எடுத்தார்கள். கொரோனா போய்விட்டது. கேட்டால், எல்லாப் பயணிகளுக்கும் ஏற்கெனவே மானியம் தருகிறோம் என்கிறார்கள். அந்தப் பெரியவருக்கு இப்போது முழு டிக்கெட்டும் உண்டு, முழுப் பிடித்தமும் உண்டு.

கட்டணம் நெகிழக் கூடியது என்பதை மட்டும் ரயில்வே எப்போதும் நம்புகிறது, மேல்நோக்கி. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் ஃபிளெக்ஸி கட்டணம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றதும் விலை 10 சதவீதம் ஏறும், ஒன்றரை மடங்குவரை. சென்னையிலிருந்து மைசூருக்கு சதாப்தியில் போகிறவர்கள் அந்த ருசியைப் பார்த்திருப்பார்கள். 2018-இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இதைக் கேள்விக்குள்ளாக்கிய பிறகுதான் கொஞ்சம் தணித்தார்கள். கூட்டம் கூடினால் விலையை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, வண்டி லேட்டானால் விலையை இறக்கத் தெரியாமல்போனது தற்செயல் என்று யாராவது சொன்னால், அவரை எனக்கு அறிமுகம் செய்துவையுங்கள். பழைய டிக்கெட்டுகள் கொஞ்சம் விற்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். போனவர்கள் இருக்கிறார்கள். மதுராவில் ஒரு வழக்கறிஞர், 1999-இல் மொராதாபாத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார். எழுபது ரூபாய்க்குப் பதில் தொண்ணூறு வாங்கிவிட்டார்கள். அந்த இருபது ரூபாய்க்காக நுகர்வோர் நீதிமன்றம் போனார். நூறு வாய்தாவுக்கு மேல் ஆனது. 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது 22 ஆண்டுகள் ஓடியிருந்தன. இருபது ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் 15,000 ரூபாய் நஷ்டஈடும் தரச் சொன்னது நீதிமன்றம். அவருக்குச் சட்டம் தெரியும், வாதாட வக்கீல் ஃபீஸ் வேண்டாம். உங்களுக்கும் எனக்கும்?

இன்னொன்று, 2016 ஜூன் மாதம். அஜ்மீரிலிருந்து ஜம்மு போன ரயில் நாலு மணி நேரம் தாமதம். ஜம்முவில் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பம் டாக்ஸி பிடித்துப் போனது. மாவட்ட மன்றம் 30,000 ரூபாய் தரச் சொன்னது. ரயில்வே மாநில ஆணையத்துக்குப் போனது, தோற்றது. தேசிய ஆணையத்துக்குப் போனது, தோற்றது. உச்ச நீதிமன்றத்துக்கே போனது, 2021 செப்டம்பரில் அங்கேயும் தோற்றது. ரயில் தாமதத்துக்கு ரயில்வே பொறுப்பாகாது என்று அதன் கட்டணப் புத்தகத்திலேயே விதி இருக்கிறது என்பதுதான் வாதம். அதாவது, ‘நான் பொறுப்பில்லை என்று நானே எழுதிவைத்திருக்கிறேன்.’ முப்பதாயிரம் ரூபாய் கொடுக்காமலிருக்க நாலு படி ஏறி இறங்கிய செலவு எவ்வளவு? அந்த வக்கீல்களின் ஃபீஸ் வெயிட்டிங் லிஸ்டில் நின்றிருக்காது. அதைக் கட்டிய பணத்தில் நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்த குடும்பத்தின் 240 ரூபாயும் எங்கோ கலந்திருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. பெட்டியில் இருக்கும் பழைய டிக்கெட் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே உங்களிடம் வசூலிக்கிறது, மிச்சம் 43 சதவீதத்தை நாட்டின் சாமானிய மக்கள் சுமக்கிறார்கள் என்று அச்சடித்திருப்பார்கள். கூச்சப்பட வேண்டும் என்பதற்காகவே போட்ட வாசகம். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டிலும் அது விடாமல் இருந்தது. ஏறாத ரயிலுக்கு அறுபது ரூபாய் கட்டியவர், செய்யாத பயணத்தின் செலவில் எத்தனை சதவீதத்தைத் தான் சுமந்தார், மிச்சத்தை எந்தச் சாமானியர் சுமந்தார் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடலாம். டிக்கெட்டில் அதற்கு இடம் இருக்கிறது, அது கன்ஃபார்ம்.